மக்கள்தொகை 0, மேயர் மட்டும் உண்டு! பிரான்ஸில் ஆளே இல்லாத ஒரு கிராமம் 100 வருஷமாக 'உயிரோடு' இருப்பது எப்படி?

போனில் மேப்பைத் திறந்து, பிரான்ஸின் வடகிழக்கு மூலையில் வெர்டன் என்ற நகரத்தைத் தேடுங்கள். அங்கிருந்து விரலை மெதுவாக வடகிழக்கே நகர்த்தினால், பச்சைப் பசேலென்று காட்டுக்கு நடுவே ஃப்ளூரி-தெவாந்-துவோமோன் என்று ஒரு ஊர்ப் பெயர் வரும். ஜூம் செய்து பாருங்கள். தெரு இல்லை, வீடு இல்லை, கடை இல்லை. ஒரு சின்ன தேவாலயமும் ஒரு போர் அருங்காட்சியகமும் மட்டும் தெரியும். மீதி எல்லாம் மரம்.

ஆனால் இது பழைய வரைபடத்திலிருந்து அழிக்க மறந்துபோன பெயர் கிடையாது. பிரான்ஸின் அரசுப் பதிவேட்டில் ஃப்ளூரி இன்றைக்கும் ஒரு முழுமையான ஊராட்சி. அதற்கு எண் உண்டு, அஞ்சல் குறியீடு உண்டு, நிர்வாகக் குழு உண்டு, மேயர் அதிகாரம் உள்ள ஒரு தலைவரும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்தான் வரும்: 0.

ஆளே இல்லாத ஊருக்கு எதற்கு மேயர்? அதைப் புரிந்துகொள்ள 1916-க்குப் போக வேண்டும்.

422 பேர் வாழ்ந்த ஊர்

முதல் உலகப்போருக்கு முன்னால் ஃப்ளூரியில் 422 பேர் இருந்தார்கள். பெரிய ஊர் இல்லை. வயல், தோட்டம், கொஞ்சம் காடு. பள்ளிக்கூடம், தேவாலயம், ரொட்டிக்கடை, கொல்லன் பட்டறை. குறுகிய தண்டவாளத்தில் ஓடும் ஒரு குட்டி ரயில் ஊர்ப் பக்கமாக வந்துபோகும், அதற்கு ஒரு ஸ்டேஷனும் இருந்தது. மியூஸ் நதிப் பக்கம் இப்படி எத்தனையோ கிராமங்கள். சரித்திரப் புத்தகத்தில் இடம்பிடிக்கிற மாதிரி எதுவும் அங்கே நடந்ததில்லை.

ஊரின் கெட்ட நேரம், அது இருந்த இடம். வெர்டன் நகரத்தைச் சுற்றி பிரான்ஸ் வரிசையாகக் கோட்டைகள் கட்டி வைத்திருந்தது. அவற்றில் பெரியது துவோமோன் கோட்டை. அதற்குத் தெற்கே சூவில் கோட்டை. இந்த இரண்டுக்கும் இடையிலான மேட்டில்தான் ஃப்ளூரி உட்கார்ந்திருந்தது. துவோமோனைப் பிடித்த படை வெர்டனுக்குள் இறங்கவேண்டும் என்றால் இந்த ஊரைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

1916 பிப்ரவரி 21 காலை ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஃப்ளூரி மக்களுக்கு அன்றைக்கே ஊரைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சண்டை ஓய்ந்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். அப்படிக் கிளம்பிய யாருமே அந்த ஊரில் மறுபடி குடியேறவில்லை.

நான்கே நாளில், பிப்ரவரி 25 அன்று, துவோமோன் கோட்டை ஜெர்மானியர் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய கோட்டையில் காவலுக்கு இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு ஆட்கள்தான். இந்த ஒரு அலட்சியத்துக்கு பிரான்ஸ் கொடுத்த விலை ரொம்பப் பெரிது. கோட்டையைத் திரும்பப் பிடிக்க அக்டோபர் 24 வரை ஆனது. மீட்கப் போன படையில் செனகல், சோமாலியா வீரர்களும் இருந்தார்கள்.

16 தடவை கை மாறிய மேடு

வெர்டன் போர் டிசம்பர் 18 வரை, கிட்டத்தட்ட 300 நாள் நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம். இத்தனைக்கும் போர்முனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தது சில கிலோமீட்டர்தான்.

பிரெஞ்சுப் படைக்குக் குண்டு, ஆள் எல்லாம் பெரும்பாலும் பார்-லெ-டுக் என்ற ஊரிலிருந்து ஒரு சாலை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. பரபரப்பான நாட்களில் 14 விநாடிக்கு ஒரு லாரி அந்த ரோட்டில் ஓடியதாகக் கணக்கு. ரிப்பேரான லாரியை நிறுத்திவைத்துச் சரிசெய்யக்கூட நேரம் கிடையாது. ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வண்டி போகும். பின்னாளில் அந்தச் சாலைக்குப் 'புனிதப் பாதை' என்றே பெயர் வந்தது.

ஃப்ளூரிக்கு உண்மையான அழிவு ஜூன் மாதம் வந்தது. ஜூன் 22 இரவு ஜெர்மன் படை டைஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு நிரப்பிய குண்டுகளை ஒரு லட்சத்துக்கும் மேல் வீசியது. பிரெஞ்சு பீரங்கிகள் மூச்சுத்திணறி அடங்கிய நேரத்தில், மறுநாள் காலை காலாட்படை ஃப்ளூரிக்குள் புகுந்தது. பிரெஞ்சுப் படை விடவில்லை. பிடிப்பதும் இழப்பதுமாக, ஆகஸ்ட் 18-ல் மொராக்கோ காலனியக் காலாட்படை ரெஜிமென்ட் கடைசியாக மீட்கும்வரை, அந்த ஊர் 16 தடவை கை மாறியது.

'ஊர்' என்று சொல்வதே ஒரு பழக்கதோஷம்தான். அதற்குள் அங்கே சுவர் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. பீரங்கிக் குண்டு விழுந்த குழி, அந்தக் குழிக்குள் இன்னொரு குழி. வானத்திலிருந்து எடுத்த அந்தக் கால போட்டோக்களைப் பார்த்தால் நிலாவின் மேற்பரப்பு மாதிரி இருக்கிறது. வீடு இருந்த இடம் எது, தெரு போன இடம் எது என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவராலும் சொல்ல முடியாத நிலை.

சிவப்பு மண்டலம் என்றால் என்ன?

1918-ல் போர் முடிந்தது. அகதிகளாகச் சிதறிய மக்கள் ஊர் திரும்பத் தயாரானார்கள். அரசு ஒரு வரைபடத்தை எடுத்து வைத்தது. போர் நடந்த பகுதிகளைப் பாதிப்பைப் பொறுத்துப் பிரித்து நிறம் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் சீர்செய்தால் மறுபடி விவசாயம் பார்க்கலாம் என்ற இடங்களுக்கு ஒரு நிறம். மொத்தமாகக் கைவிட வேண்டிய இடங்களுக்குச் சிவப்பு.

சிவப்பைத் தீர்மானித்த கணக்கு ரொம்ப எளிது, கொஞ்சம் கொடூரமும்கூட. ஒரு நிலத்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு அந்த நிலத்தின் விலையைவிட அதிகமா? அப்படியென்றால் அரசே அதை வாங்கிக்கொள்ளும். உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கும், நிலம் கிடைக்காது. ஆரம்பத்தில் இப்படிச் சிவப்பு பூசப்பட்டது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். விவசாயிகள் போராடிப் போராடி அதில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். வெர்டனைச் சுற்றியிருந்த மையப்பகுதி மட்டும் மீளவில்லை. வெடிக்காத குண்டுகள், மண்ணோடு கலந்த சடலங்கள், விஷமேறிய நிலம். யாரையும் அங்கே குடிவைக்கத் துணியவில்லை அரசு.

மியூஸ் மாவட்டத்தில் இப்படி ஒன்பது கிராமங்கள் முற்றாக அழிந்தன. ஃப்ளூரி, துவோமோன், வோ, ஓர்ன், போமோன், பெசோன்வோ, குமியேர், ஓமோன், லூவ்மோன். இவற்றில் பெரியது ஓர்ன். போருக்கு முன் அங்கே 718 பேர் இருந்தார்கள். இடிந்துபோன அதன் தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

மேயர் வந்த கதை

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ஊர் அழிந்துவிட்டது, மக்கள் திரும்ப முடியாது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? பக்கத்து ஊராட்சியோடு சேர்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

பிரான்ஸ் அப்படிச் செய்யவில்லை. போரில் உயிர்விட்ட வீரர்களுக்கு 'பிரான்ஸுக்காக இறந்தவர்' என்ற ஒரு அரசு அங்கீகாரம் உண்டு. அதே சொல்லை இந்தக் கிராமங்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு ஊரையே போர் வீரராகப் பாவித்து, பதக்கமும் கொடுத்தார்கள். (இதே போரில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம்தான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருப்பது. செல்ஃபி எடுக்கும்போது அதன் கல்வெட்டையும் ஒருமுறை பாருங்கள்.)

உணர்ச்சி மட்டும் காரணம் இல்லை, ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. போரில் அழிந்த பொதுச் சொத்துகளுக்காக ஊராட்சிக்கு இழப்பீட்டுப் பணம் வரவேண்டியிருந்தது. பணத்தை வாங்கிக் கையெழுத்துப்போட யாராவது வேண்டுமே? ஊராட்சியே இல்லையென்றால் பணமும் இல்லை. 1919 அக்டோபர் 18-ல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குழு, அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரம்.

தேர்தல் நடத்த வாக்காளர் இல்லையே! அதனால் மாவட்ட நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ப்ரிஃபெக்ட் என்ற அதிகாரிதான் மூன்று பேரை நியமிப்பார். நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் இந்த நியமனம் நடக்கும். பெரும்பாலும் அந்த ஊரில் வேர் உள்ள குடும்பங்களின் வாரிசுகளாகப் பார்த்துத்தான் போடுவார்கள். தாத்தாவோ பாட்டியோ பிறந்த ஊர், தான் ஒருநாள்கூட வாழாத ஊர், அதற்கு மேயர்.

வோவும் துவோமோனும் ஓர்னும் கொஞ்சம் தப்பித்தன. வோ கிராமத்தைப் பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளித் திரும்பக் கட்டினார்கள். மற்ற இரண்டிலும் சில வீடுகள் வந்தன. அதனால் அங்கே சொற்ப மக்களும் முறையான தேர்தலும் உண்டு. மிச்சம் ஆறு ஊர்களில் இன்றுவரை ஒருவரும் இல்லை. ஃப்ளூரி அந்த ஆறில் ஒன்று.

சரி, ஆளே இல்லாத ஊரில் மேயர் என்னதான் வேலை பார்ப்பார்? குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல ஒருவரும் கிடையாது. இருந்தாலும் பட்ஜெட் போடவேண்டும், கணக்கு காட்டவேண்டும். தேவாலயத்தின் கூரை ஒழுகினால் நிதி தேடவேண்டும். பாதைகளைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். வருஷாவருஷம் நினைவு நிகழ்ச்சி நடத்தவேண்டும். அந்த ஒருநாள் மட்டும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வாரிசுகள் வந்து கூடுவார்கள், ஊர் மாதிரி இருக்கும். மறுநாளிலிருந்து மறுபடி 0.

ரொட்டிக்கடை இருந்த இடத்தில் ஒரு கம்பம்

இன்றைக்கு ஃப்ளூரிக்குப் போனால் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக, புல் மூடிய தரை. குண்டு விழுந்த குழிகள் 100 வருஷத்துக்குப் பிறகும் அப்படியே அலை அலையாகத் தெரிகின்றன. நடுவில் பாதைகள். பாதையோரம் சின்னச் சின்னக் கம்பங்கள். ஒன்றில் 'ரொட்டிக்கடை' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் 'கொல்லன்', இன்னொன்றில் 'பள்ளிக்கூடம்'. தெருப் பெயர்களும் உண்டு. அந்தப் பெயர்களை வைத்து ஊரை மனதுக்குள் நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

போருக்குப் பிறகு கட்டிய சின்ன தேவாலயத்தை 'ஐரோப்பாவின் அன்னை'க்கு அர்ப்பணித்திருக்கிறார்கள். குட்டி ரயிலின் ஸ்டேஷன் இருந்த இடத்தில்தான் வெர்டன் போர் நினைவு அருங்காட்சியகம் நிற்கிறது. 1967-ல் திறந்தது. நூற்றாண்டை ஒட்டி விரிவாக்கி 2016-ல் மறுபடி திறந்தார்கள்.

பக்கத்திலேயே துவோமோன் எலும்பு மாளிகை. பெயரைக் கேட்டதும் திகில் படம் நினைவுக்கு வரலாம், ஆனால் இது வேறு. போர்க்களத்தில் கிடைத்த எலும்புகளில் எது பிரெஞ்சுக்காரருடையது, எது ஜெர்மானியருடையது என்று பிரிக்கவே முடியவில்லை. வெர்டன் பிஷப் ஜினிஸ்டி ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். 1932-ல் திறக்கப்பட்ட இந்தக் கட்டிடத்தில் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் இரு நாட்டவர் என்ற பேதமில்லாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னல்களில் குனிந்து பார்த்தால் தெரியும். எதிரே 16,000-க்கும் அதிகமான கல்லறைகள். முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள் மட்டும் மெக்காவை நோக்கித் திரும்பியிருக்கும். 1984 செப்டம்பரில் பிரான்ஸ் அதிபர் மித்தரானும் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்ற அந்தப் பிரபலமான போட்டோ இங்கே எடுத்ததுதான்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்கவேண்டாம். 2013 மே மாதம் ஃப்ளூரியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன. கூடவே கிடைத்த அடையாளத் தகடுகளை வைத்து ஏழு பேரின் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள். 97 வருஷம் 'காணாமல் போனவர்' பட்டியலில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் முறையான அடக்கம் நடந்தது.

காட்டுக்குள் இன்னும் ஓயாத போர்

இப்போது நீங்கள் பார்க்கும் காடு தானாக வளர்ந்தது இல்லை. வேறு எதற்கும் உதவாத நிலத்தில் வனத்துறை முதலில் பைன் மரங்களை நட்டது. கெட்டுப்போன மண்ணிலும் அது தாக்குப்பிடிக்கும். பிறகு பீச் போன்ற அகன்ற இலை மரங்கள் வந்தன. இன்றைக்கு வெர்டன் காடு கிட்டத்தட்ட 10,000 ஹெக்டேர்.

குண்டுக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் குட்டைகள் ஆயின. மஞ்சள் வயிற்றுத் தேரை என்ற அரிய வகைத் தேரைக்கு இந்தக் குட்டைகள்தான் வீடு. பாழடைந்த கோட்டைகளின் சுரங்க அறைகளில் வௌவால்கள். மனிதர்களுக்கு ஆகாத இடம் அவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போய்விட்டது.

ஆனால் மரத்தை அறுக்கும்போது ஜாக்கிரதை வேண்டும். போரில் தப்பிய பழைய மரங்களுக்குள் குண்டுச் சிதறல்கள் புதைந்திருக்கும். ரம்பம் பட்டால் பல் போய்விடும். 'சுடப்பட்ட மரம்' என்றே அதற்கு வியாபாரத்தில் ஒரு பெயர் உண்டு, விலையும் குறையும்.

மண்ணுக்குள் இருப்பதுதான் பெரிய பிரச்சினை. இந்தப் போரில் வீசப்பட்ட பல கோடி குண்டுகளில் கணிசமானவை வெடிக்காமல் புதைந்துவிட்டன. ஒவ்வொரு பனிக்காலத்திலும் மண் இறுகித் தளரும்போது சில மேலே வரும். உழும்போது விவசாயி பார்ப்பார், வயலோரம் எடுத்து வைத்துவிட்டுப் போன் செய்வார். இதற்கு 'இரும்பு அறுவடை' என்று பெயர். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகும். நாடு முழுவதும் வருஷத்துக்குப் பல நூறு டன் இப்படிச் சேர்கிறது. 1945 முதல் இந்த வேலையில் 600-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் இறந்திருக்கிறார்கள். விஷவாயுக் குண்டுகள் இன்னும் சிக்கல். அவற்றைத் தனியாகச் சேமித்துத்தான் அழிக்கவேண்டும்.

காட்டில் மெட்டல் டிடெக்டரோடு திரிவதும் தோண்டுவதும் சட்டப்படி குற்றம். அப்படியும் போர்ப் பொருட்களைச் சேகரித்து விற்கும் ஆசையில் ராத்திரியில் வருகிறவர்கள் உண்டு.

வெர்டனுக்கு வடக்கே உள்ள ஸ்பான்கூர் காட்டில் ஒரு வெட்டவெளி இருக்கிறது. சுற்றிலும் மரம், அங்கே மட்டும் புல் பூண்டுகூட ஒழுங்காக முளைக்காது. 1920-களில் சுமார் 2 லட்சம் விஷவாயுக் குண்டுகளை அங்கே கொண்டுவந்து எரித்தார்கள். அன்றைக்கு அதுதான் 'சுத்தம்' செய்யும் வழி. 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், அந்த மண்ணின் சில மாதிரிகளில் எடையில் 17 சதவீதம் வரை ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. 'கலந்திருக்கிறது' என்று சொல்லும் அளவு இல்லை அது, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இப்போது வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறை வருமா?

ஃப்ளூரியிலிருந்து 1916-ல் கிளம்பியவர்களில் இன்று உயிரோடு யாரும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது. கொள்ளுப்பேரன் பேத்திகள் வேறு வேறு நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். ஊர் நினைவைக் காப்பாற்றும் பொறுப்பைக் கையில் வாங்க அவர்கள் தயாரா என்பதுதான் இந்த ஆறு ஊர்களுக்கும் இப்போது உள்ள கேள்வி.

இன்னொரு பக்கம், பிரான்ஸில் சுமார் 35,000 ஊராட்சிகள் இருக்கின்றன. இது அதிகம், சின்ன ஊர்களை இணைக்கவேண்டும் என்ற அழுத்தம் பல வருஷமாக உண்டு. ஒன்பது கிராமங்களில் இரண்டான துவோமோனும் வோவும் 2019 ஜனவரி 1 முதல் 'துவோமோன்-வோ' என்று ஒன்றாகிவிட்டன. அங்கே ஆட்கள் இருந்தார்கள், இணைப்பதா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்கத் தேர்ந்தெடுத்த சபையும் இருந்தது. ஃப்ளூரியில் இணைப்புக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப்போட ஒருவரும் இல்லை. வெறும் சிக்கனக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்தக் குழுக்களைக் கலைத்துவிடலாம்தான். ஆனால் கலைத்துவிட்டால் அந்தக் கம்பங்களுக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்?

நூற்றாண்டு சமயத்திலேயே இந்த இடத்தை எப்படி நினைவுகூர்வது என்று ஒரு சர்ச்சை வெடித்தது. 2016 மே 29-ல் துவோமோனில் ஒல்லாந்தும் மெர்க்கலும் கலந்துகொண்ட விழாவில், பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் கல்லறைகளுக்கு இடையே ஓடினார்கள். உயிர்ப்பின் அடையாளம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். கல்லறையை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள் எதிர்த்தவர்கள். அந்த இளைஞர்கள் பெரும்பாலும் அங்கே புதைந்திருப்பவர்களின் வயதுதான்.

ஃப்ளூரியின் பாதைகளில் இப்போதும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். கூட வரும் ஆசிரியர் சொல்லும் முதல் விதி ஒன்றுதான். பாதையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது, இரும்பாக எது கண்ணில் பட்டாலும் தொடக் கூடாது.